தங்கம் மகனுக்கு எடுத்த ஈசிஜி

இதில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை, காலையிலிருந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சாய்ந்துவிட்டார்கள். உங்களுக்கு யார் உள்ளே? மாமனாரா? அடைப்பா? அதெல்லாம் இப்போது சாதாரணம், பயப்படாதீர்கள். எனக்கு என் மகன். பதினேழு வயது. ஆமாம், பதினேழுதான். சொன்னால் எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். நெஞ்சுக்கு மேலே, தோலுக்கு அடியில் ஒரு மிஷின் வைக்கிறார்கள். இதயம் தாளம் தப்பினால் அது உள்ளே இருந்தே ஓர் அடி கொடுத்துத் திருப்பி ஓட வைக்குமாம். சின்ன வேலை என்றுதான் டாக்டர் சொன்னார். சின்ன வேலைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று உங்களிடம் கேட்டு என்ன பயன்.

அதனால் பேசிக்கொண்டிருப்போம். பேசாமல் இருந்தால் எனக்கு அந்தக் கதவையே பார்க்கத் தோன்றுகிறது.

எதிர் வரிசையில் பச்சைச் சேலை கட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, சட்டென்று திரும்பாதீர்கள், மெதுவாகப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைகிறது பாருங்கள், அவள்தான். என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. பெயர் ஆவுடைத்தங்கம். வீட்டிலும் தெருவிலும் தங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். நினைத்துப் பாருங்கள், ஒருத்தியை இத்தனை வருஷமாகத் தங்கம், தங்கம் என்று என் வாயாலேயே கூப்பிட வேண்டியிருக்கிறது. எனக்குப் பெயர் சீனியம்மாள். அதைச் சீனி என்று ஒருத்தர்கூடச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. நியாயம் கேட்பேன், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கோவில்பட்டி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார்கள். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், அடுப்பு மட்டும் தனித்தனி. மாமனார் இருந்தவரைக்கும் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எது வாங்கினாலும் ரெண்டாகத்தான் வாங்க வேண்டும். குடம் ரெண்டு, மிக்சி ரெண்டு, தீபாவளிக்கு ஒரே விலையில் சேலை ரெண்டு. ஒரு மருமகள் முகம் சுண்டிவிடக் கூடாது என்பார். நல்ல மனுஷன். நிறத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். மூத்தவள் என்று என்னைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார்கள். நானும் பார்த்துப் பார்த்து எடுப்பேன். மிச்சத்தை அவள் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அதை எடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு தீபாவளிக்கும் இதேதான். அவளுக்கு எது கொடுத்தாலும் ஒட்டிக்கொள்ளும், அதற்கு நான் என்ன செய்வது?

பிள்ளைகளும் அப்படித்தான். ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். என் சங்கரேஸ்வரன் மூத்தவன், அவள் கவின்ராஜ் இளையவன். எங்கள் ஊரில் பையன்கள் ஓடப் பழகியதும் ஹாக்கி மட்டையைத் தூக்கிவிடுவார்கள். மாமனார் ரெண்டு மட்டை வாங்கிக் கொடுத்தார். ஒரே மரம், ஒரே உயரம். ஆனால் பந்து யாரிடம் போய் நின்றது? அவள் மகனிடம். சங்கர் வலது பக்கத்திலிருந்து மூச்சு வாங்க வாங்கப் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பான். கவின் அதை ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுவான். ஊரே கவின், கவின் என்று கத்தும். கொண்டுவந்து கொடுத்தவன் யார் என்று ஒருத்தருக்குமே கேட்கத் தோன்றாது. நான் கேட்பேன். பக்கத்தில் இருக்கிறவர்களிடம், இப்போது உங்களிடம் சொல்கிற மாதிரி சொல்வேன். "பந்து எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்பேன். அவர்கள் ஆமாம் ஆமாம் என்பார்கள், கண்ணை எடுக்காமல்.

போன வருஷக் கடைசியில் மாநில அணிக்குப் பையன்களைப் பொறுக்கினார்கள். கவின் பெயர் வந்தது. சங்கர் பெயர் வரவில்லை. பெயர் வந்த பையன்களுக்கு மட்டும் ஒருநாள் உள்ளரங்கத்தில் டாக்டர்கள் வந்து ஈசிஜி எடுத்தார்கள். இப்போதெல்லாம் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற பையன்களே திடீரென்று விழுந்துவிடுகிறார்களாம், அதனால் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்களாம். அன்றைக்குச் சாயங்காலம் கவின் வந்து நெஞ்சைத் திறந்து காட்டினான். வயர் ஒட்டிய இடமெல்லாம் வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. சங்கர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வலித்ததா, ஷாக் அடித்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். மட்டை ரெண்டு, மிக்சி ரெண்டு. ஈசிஜி மட்டும் ஒன்றா?

ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கவினுக்குக் கோடு சரியில்லை. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இதயம் ஒரு தடவை துடித்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம். கவினுக்கு அந்த நேரம் நீளம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது, நீந்தும்போது அது தாளம் கெட்டு நடுங்க ஆரம்பித்தால், ஆள் பொத்தென்று விழுந்துவிடுவான். எழுந்தால் எழுந்தான். பிறவியிலேயே வருவது. மாத்திரை போட வேண்டும், ஆடக் கூடாது.

வருத்தமாகத்தான் இருந்தது. என் மடியில் வளர்ந்த பையன் இல்லையா. ஆனாலும் அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும்.

அதற்கப்புறம் பாருங்கள் கூத்தை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஆள் நடமாட்டம். ஹார்லிக்ஸ் என்ன, ஆப்பிள் என்ன, சாத்துக்குடி என்ன. ஆடுகிற வரைக்கும் அவன் பெயர்தான், ஆட்டம் நின்றபிறகும் அவன் பெயர்தான். எங்கள் கிளப்பில் பயிற்சி கொடுக்கிற ஞானையா சார், என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். "நல்லா இருக்கீங்களாம்மா" என்று ஒரு வார்த்தை. அங்கே போய் ஒரு மணி நேரம். நான் என்ன, நல்லா இல்லை என்று சொன்னால்தான் உட்காருவாரா?

ஆனால் அதே ஞானையா சார்தான் அடுத்த வாரம் சங்கரைக் கூப்பிட்டு, "கவின் எடத்துல நீ ஆடுலே" என்றார். நடுவில், முன்னால். மே மாதம் எங்கள் ஊரில் பெரிய டோர்னமென்ட் நடக்கும், வெளியூர் அணியெல்லாம் வரும். அதில் இனி பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேறு ஒருத்தன், உள்ளே தள்ளுவது என் மகன். சங்கர் அன்றைக்கு வீட்டுக்கு வந்தான். கவின் ஆடும்போது போடுகிற பனியனை வாங்கிக்கொண்டு வந்து கொடியில் போட்டிருந்தான். நான் அதை எடுத்துச் சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்தேன்.

அப்போதுதான் தங்கம் வந்தாள். எப்போது வந்தாள் என்று கவனியுங்கள். என் மகனுக்கு இடம் கிடைத்தபிறகு.

"அக்கா, டாக்டர் சொல்லுதாரு, இது குடும்பத்துல ஓடுற சீக்காம். கூடப்பொறந்தவுக, அவுக பிள்ளைக எல்லாரும் பாத்துக்கிடணுமாம். சங்கருக்கும் ஒரு ஈசிஜி எடுத்துருவோம்க்கா. அவன் ஆடுததுக்கு முன்னாடி" என்றாள்.

"எந்தக் குடும்பத்துல ஓடுதாம்?" என்று கேட்டேன்.

"அது தெரியலக்கா."

"ஒங்கப்பாவுக்கு நெஞ்சுல என்னமோ இருந்துச்சே?"

"அது பீடிக்கா. எழுவது வயசுல வந்தது."

"அப்போ அதுதான்" என்றேன்.

அவள் போகவில்லை. நின்றாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "நடு அத்தானும் சின்ன வயசுல கெணத்துல போனாகளே" என்றாள். எங்கள் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் ஒருத்தர் இருந்தார். நான் பார்த்ததில்லை. பதினாறு வயதில் போய்விட்டார். மீன் மாதிரி நீந்துவாராம், பாதாளக் கரண்டி போட்டாலும் கிடைக்காத குடத்தை முங்கி எடுப்பாராம். ஒருநாள் உச்சி வெயிலில் குதித்தவர் மேலே வரவில்லை. அது முனி அடித்தது. ஊருக்கே தெரியும். உச்சி வெயிலில் அந்தக் கிணற்றில் இறங்கினால் முனி அடிக்காமல் என்ன செய்யும்? அதைப் போய் ஈசிஜியோடு சேர்த்துப் பேசுகிறாள்.

அதோடு விட்டாளா. "போன வருஷம் சங்கரும் கிரவுண்டுல மயங்கி விழுந்தானே அக்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஆமாம், விழுந்தான். ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே முகம் தரையில் இடிக்க விழுந்தான். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான். ஏன் விழுந்தான்? அன்றைக்கு அவன் ஒரு கோல் போட்டிருந்தான். முதல் தடவையாக ஊர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அதைப் பார்த்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் யார் நின்றது? இவள்தான். வீட்டுக்கு வந்ததும் உப்பு, மிளகாய் வத்தல், தெருமண் எல்லாம் எடுத்துச் சுற்றிக் கங்கில் போட்டேன். அவ்வளவு வத்தலுக்கும் ஒரு தும்மல் வரவில்லை, ஒரு கமறல் இல்லை. எவ்வளவு பெரிய கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒன் கண்ணுதான் அவனைத் தள்ளுச்சு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் போய்விட்டாள்.

மறுபடி வந்தாள். கொழுந்தனை அனுப்பினாள். எங்கள் வீட்டுக்காரரைப் பிடித்துக் கடையில் வைத்துச் சொல்ல வைத்தாள். இந்த மனுஷன் வந்து, "ஏட்டி, ஒரு பேப்பர்ல கோடு போட்டுப் பாக்கப் போறான், பாத்துட்டுப் போறோம். அதுல என்ன" என்றார். "கோட்டைப் பாத்துட்டு ஆடாதன்னு சொன்னா?" என்று கேட்டேன். "ஆடாம இருப்பான்" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் பாருங்கள். ஒரு வருஷமா ரெண்டு வருஷமா, அவன் பந்தைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்ததை இவர் எங்கே பார்த்தார், டயருக்குள் தலையை விட்டுக்கொண்டு. "டோர்னமென்ட் முடியட்டும். அதுவரைக்கும் என் பிள்ளை நெஞ்சுல யாரும் வயர் வைக்கக் கூடாது. வச்சா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன். எனக்குத் தெரியாதா, அவள் மகன் ஆடவில்லை, என் மகனும் ஆடக் கூடாது. மாமனார் சட்டத்தை அவள் இதிலும் கொண்டுவரப் பார்த்தாள்.

இப்போதுதான் முக்கியமான இடம் வருகிறது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வாருங்கள், அவள் காதில் விழப்போகிறது.

டோர்னமென்டுக்கு ஒரு வாரம் இருக்கிறது. காலையில் குழாயடியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தங்கம் வருகிறாள். எப்படி வருகிறாள்? கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் அவள் உண்மையான குணம் வெளியே வந்தது.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"மதுரைக்குக்கா. கவினுக்குப் பெரிய டாக்டரப் பாக்கப் போறோம். தாளத்துக்குன்னே தனியாப் படிச்ச டாக்டராம். லேசுல யாரையும் பாக்க மாட்டாராம். எங்க கவினப் பாக்கேன்னு சொல்லிட்டாரு."

எங்க கவின். கவனித்தீர்களா? அதுவரைக்கும் நம்ம கவின் என்றுதான் சொல்வாள்.

"அப்படி என்ன பெரிய டாக்டரு?" என்றேன்.

"கண்ணாடிக் கதவுக்கா, உள்ள ஏசி. இந்தப் பெட்டி மெஷினெல்லாம் கெடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஒரு நாள் முழுக்க நெஞ்சுல கட்டிவிட்டு ராத்திரி தூங்கும்போதுகூட எழுதுமாம். எங்க கவினுக்கு அதெல்லாம் பாக்கணுமாம்."

நான் குடத்தை நகர்த்தவில்லை. நிரம்பி வழிகிறது.

"ஒங்க சங்கருக்கு இதெல்லாம் எதுக்குக்கா" என்றாள். "அவனுக்கு வேண்டாம். இதெல்லாம் மாநில அணிக்கு ஆடுற பையன்களுக்குப் பாக்கது. அவன் உள்ளூர்லதான ஆடுதான். ஏதாச்சும்னா நம்ம தெருமுக்கு கம்பவுண்டர் போதும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவு ஏத்தம். திரும்பிப் போகும்போது பார்த்தேன், நடையே சரியில்லை, படியில் தடுக்கி விழப்பார்த்தாள். திமிர் தலைக்கு ஏறினால் கால் தரையில் பாவுமா?

என் வயிறு எரிந்தது பாருங்கள், அந்தக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாலும் அணைந்திருக்காது. தெருமுக்கு கம்பவுண்டர் போதுமாம். என் மகனுக்கு. நேராகக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்றேன். "யாரு?" என்றார். "நம்ம மூணு பேரும். அதே டாக்டரு. அதே ரூம்பு. அவ மகனுக்கு என்னென்ன பாக்காரோ அம்புட்டும் என் மகனுக்குப் பாக்கணும். ஒண்ணு கொறையக் கூடாது" என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கொழுந்தன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரப்பர் எரிகிற புகை.

மறுநாள் போனோம். இதே ஆஸ்பத்திரிதான், கீழ்த்தளம். கண்ணாடிக் கதவெல்லாம் உண்மைதான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "இப்பவே பாக்கணும்" என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். பெயரைக் கேட்டாள். சங்கரேஸ்வரன் என்றதும், "வாங்கம்மா, எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆவுடைத்தங்கம்னு ஒரு அம்மா நேத்து வந்தப்பவே ஒங்க பையனுக்கும் நேரம் வாங்கி வச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

பாருங்கள் அநியாயத்தை. நானாக ஓர் இடத்துக்குப் போக முடிகிறதா? அங்கேயும் அவள் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

சங்கரைப் படுக்க வைத்து எடுத்தார்கள். நிற்க வைத்து எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன் மாதிரிதான் இருந்தார், மீசைகூடச் சரியாக இல்லை. அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து அளந்தார். மறுபடி அளந்தார். கவினுக்கு ஒரு தடவைதான் அளந்தாராம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். சங்கருக்கு மூன்று தடவை. பிறகு வீட்டில் யார் யார், யார் சின்ன வயதில் போனார்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் கிணற்றைச் சொன்னார். நான் முனி அடித்தது என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. "அவருக்கு நீச்சல் நல்லா தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். மயங்கி விழுந்ததைச் சங்கரே சொன்னான். அந்த ஒரு தடவை இல்லையாம். பள்ளிக்கூடத்தில் ஒருதடவை, பயிற்சியில் ஒருதடவை, எனக்குத் தெரியாமல். சொன்னால் நான் மட்டையைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லவில்லையாம். நானா பிடுங்குவேன்?

"அடுத்த ஆட்டம் எப்போ?" என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை."

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா" என்றார். அப்படி என்னைத்தான் சொன்னார், என்னைப் பார்த்துத்தான்.

சங்கர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடிக்கிடவா சார்? அதுக்குப் பெறகு ஆடல."

டாக்டர் கூடாது என்று தலையை ஆட்டினார். அவன் மீதிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். கடைசிப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தேன். சரி செய்ய எனக்குக் கை வரவில்லை.

ஞாயித்துக்கிழமை கிரவுண்டில் ரெண்டு பையன்களும் கல்லில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக ரெண்டு பேரும் ஒன்று. நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் பார்த்தார்கள், அவருக்கும் இருக்கிறதாம், கொழுந்தனுக்கும் லேசாக இருக்கிறதாம். அப்படியானால் தங்கத்தின் அப்பா பீடிக்கு இதில் பங்கில்லை. அதை நான் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும், பிறகு நான் வேறு எதற்கு.

மாத்திரை போட்டும் போன மாதம் சங்கர் விழுந்தான். மினிபஸ் கிளம்பிவிட்டது என்று ஓடியிருக்கிறான். ஓடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் பதினேழு வயதுக் கால் கேட்குமா? பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் விழுந்தான். நான் ரேஷன் கடையில் நிற்கிறேன். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடி வருவதற்குள் ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. ஏற்றியது தங்கம். அவன் தலை அவள் மடியில். என் மகன் தலை. கண்ணைத் திறந்ததும் அவன் முதலில் பார்த்தது அவள் முகம். "சித்தி, அம்மாட்டச் சொல்லாதீங்க" என்றானாம். நான் ஆட்டோவில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளே எனக்கு இடமில்லை. அதற்குப் பிறகுதான் மிஷின் வைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் முடிவாகச் சொன்னார்.

கவினுக்கு மாத்திரையே போதுமாம். சங்கருக்குத்தான் மிஷின். துடிப்புக்குத் தயாராகிற அந்த நேரம் அவனுக்குக் கொஞ்சம் நீளம், இவனுக்கு ரொம்ப நீளம். பார்க்கிறவர்களிடம் எல்லாம் நான் அதைச் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. "எங்கப்பா இருந்தா ரெண்டு மிஷினா வாங்கச் சொல்லியிருப்பாரு" என்று வீட்டுக்காரர் நேற்றுச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவரே எழுந்து வெளியே போய்விட்டார். இப்போதும் இங்கே உட்கார முடியாமல் மருந்து வாங்குகிற சாக்கில் கீழேயே நிற்கிறார்.

என்ன, என்ன சொல்கிறீர்கள்? வேண்டுமென்றே பேசினாளா? எதை, அந்தக் குழாயடிப் பேச்சையா? என்னைக் கிளப்பிவிடுவதற்காகவா?

சும்மா இருங்கள். அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது. அவள் வெறும் வெள்ளந்தி. பெருமையடித்துப் பேசவே தெரியாது அவளுக்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு ஒருநாள்தான் பேசினாள். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அந்த ஒருநாள் போதாதா ஒருத்தியின் குணம் தெரிய?

நீங்களும் அவள் பக்கம்தான் போலிருக்கிறது. எல்லாரும் அப்படித்தான். இதோ இந்த வாட்டர் பாட்டில் அவள் கொண்டுவந்து வைத்தது. காலையில் இட்லி கட்டிக்கொண்டு வந்தாள். சங்கர் நேற்று ராத்திரி சித்தியை வரச் சொல்லுங்கள் என்றான், அதனால்தான் வந்திருக்கிறாள். என்னை யாரும் வரச் சொல்ல வேண்டியதில்லை, நான் பெற்றவள், இங்கேதான் இருப்பேன். அதனால் என்னை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

இருங்கள். கதவு அசைகிறது.

சிஸ்டர்தான். யாரைக் கூப்பிடுகிறாள்? உங்கள் மாமனாரா? இல்லை, சங்கரேஸ்வரன் என்கிறாள். "சங்கரேஸ்வரன் கூட வந்தவங்க யாரு?" என்கிறாள்.

பார்த்தீர்களா, பார்த்தீர்களா. நான் இங்கே செருப்புக்குள் காலை நுழைக்கக்கூட இல்லை, அவள் எழுந்து நின்றுவிட்டாள். செருப்புக்கூட இல்லாமல் நிற்கிறாள். "நான்தான், நான்தான் சிஸ்டர்" என்கிறாள். பெற்ற அம்மா நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன சொன்னாள் சிஸ்டர்? எனக்குக் காது அடைக்கிறது, நீங்கள் கேட்டீர்களா? நல்லபடியாக முடிந்துவிட்டதா? கண் முழித்துவிட்டானா? பேசினானா? சரி. சரி. சரி.

அங்கே பாருங்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், தோள் குலுங்குகிறது. எல்லாரும் அவளைத்தான் பார்க்கிறார்கள், சிஸ்டர்கூட அவள் தலையைத்தான் தடவுகிறாள். என் பிள்ளை பிழைத்து வந்ததற்கு எனக்கு முன்னால் அவள் அழுது தீர்க்கிறாள்.

இனி நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள். இப்போது நான் அழுதால், அவளைப் பார்த்து அழுத மாதிரி ஆகிவிடாதா?